கரினா நெபுலா: தெற்கே தொட்டியும் தென்னையும் மறைக்குது, வழி சொல்லுங்க

கூடல்வானம்:
வணக்கம். மதுரையில் எங்க மொட்டை மாடியில் இருந்து கரினா நெபுலாவை (என்ஜிசி 3372, தெற்கு வானத்தில் ஒளிரும் வாயு மேகம்) படம் எடுக்கணும்னு ரொம்ப ஆசை. அது உச்சிக்கு, அதாவது நேர் தெற்கே அதிகபட்ச உயரத்துக்கு, வந்தாலே அடிவானத்தில் இருந்து 20 டிகிரிதான். அந்த நேரம் நேர் தெற்கே பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி மறைச்சுக்குது. தொட்டிக்கு வலப்பக்கம் கொஞ்சம் வெட்டவெளி, அப்புறம் தென்னை. வடக்கே மாடிப்படி அறை இருக்கிறதால துருவ நட்சத்திரமும் தெரியாது. கிராப் சென்சார் கேமரா, 135 மிமீ லென்ஸ், வானம் சுத்துறதுக்கு ஏத்தபடி கேமராவைத் திருப்புற சின்ன டிராக்கர் இருக்கு. படத்தில் கீழ்ப்பாதி மஞ்சளா வெளுத்து, நெபுலா சாம்பல் கறையா விழுது. அம்மாவைத் தனியா விட்டுட்டு ராத்திரி வெளியூர் போக முடியாது.

தென்வானம்:
தம்பி, உச்சி நேரத்தை விட்டுடுங்க. கரினா தென் துருவத்தில் இருந்து 30 டிகிரியிலேயே சுத்துது, அதனால மெதுவாத்தான் நகரும். உச்சி தாண்டி ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு டிகிரி இறங்கும், மேற்கே 8 டிகிரி தள்ளிப்போகும். ரெண்டு மணி நேரத்தில் உயரம் 16, மேற்கே 15. ஏப்ரல் நடுவில் ஒன்பதரை மணிக்கு உச்சி. கையை நீட்டி முஷ்டியால் வெட்டவெளியை அளந்து பாருங்க. ஒரு முஷ்டி சுமார் 10 டிகிரி.

டிராக்கரோட அச்சை வான வடதுருவத்துக்கு நேரா வைக்கத் துருவ நட்சத்திரம் தெரிஞ்சே ஆகணும்னு இல்லை. அச்சோட சாய்வை ஃபோன் வச்சு மதுரையோட அட்சரேகைக்கு, அதாவது 10 டிகிரிக்கு வைங்க, வடக்கைத் திசைகாட்டியில் பிடிங்க. மாடியில் நீட்டிக்கிட்டு நிக்கிற தூண் கம்பிக்குப் பக்கத்தில் மட்டும் திசைகாட்டியை வைக்காதீங்க, முள் இழுத்துடும். ஒரு டிகிரி பிசகினாலும் உங்க லென்ஸுக்கு 30 வினாடியில் ஒன்றரை பிக்சல் அளவுதான் இழுக்கும்.

செந்நிறமுகில்:
சாம்பலா விழக் காரணம் காற்று. 20 டிகிரியில் வெளிச்சம் தலைக்கு மேல இருக்கிறதைப் போல மூணு மடங்கு காற்றைத் தாண்டி வருது. நீலம்தான் அதிகம் அடிபடும். நெபுலாவில் இருக்கிற ஹைட்ரஜனோட 656 நானோமீட்டர் சிவப்பு நல்லாவே வந்து சேரும். டூயல் பேண்ட் ஃபில்டர் (நெபுலாவோட ரெண்டு நிற வெளிச்சத்தை மட்டும் உள்ளே விடுறது) ஒண்ணு கடன் வாங்கியாவது போட்டுப் பாருங்க. சிரில் மென்பொருள்ல பின்னணி வெளிச்சத்தை நீக்குறதை, படங்களை ஒண்ணா அடுக்கி ஸ்டாக் பண்றதுக்கு முன்னாடியே ஒவ்வொரு படத்துக்கும் பண்ணுங்க, ஏன்னா நெபுலா இறங்க இறங்க மஞ்சளும் மாறும். கோடை மழை பெஞ்சு விட்ட ராத்திரியைத் தவறவிடாதீங்க, தூசி அடங்கியிருக்கும்.

கூடல்வானம்:
அளந்துட்டேன் அண்ணா. தொட்டி விளிம்பில் இருந்து தென்னை வரை ஒன்றரை முஷ்டி.

தென்வானம்:
போதும். கேமராவைச் செங்குத்தா வைங்க, ஃபிரேம் அகலம் ஆறரை டிகிரியா குறையும். ஒரு மணி நேரம் முழு ஃபிரேமும் மறைப்பில்லாம கிடைக்கும். ஓரத்தை வெட்டிக்கிட்டா இன்னும் கூட. நெபுலாவை ஃபிரேமோட கீழ்ப்பக்கம் வைங்க, தெருவிளக்கு வெளிச்சம் உள்ள வராது. மட்டை ஆடி நட்சத்திரத்தை மறைச்ச படங்களைத் தயங்காம ஒதுக்கிடுங்க.