3 பவுண்ட் கொறஞ்சதுக்கு 98 பவுண்ட் சார்ஜ், இது நியாயமா?

சில்லறைக்காசு:
எல்லாருக்கும் வணக்கம். நேத்து லாஃப்ட்ட ஒதுங்க வைக்கும்போது வீட்டுக்காரரோட பழைய பேங்க் ஸ்டேட்மெண்ட் கட்டு ஒண்ணு கெடச்சுது, அவர் இங்கிலாந்துக்குப் படிக்க வந்த புதுசுல வந்த தாளுங்க. தூக்கிப் போடலாம்னு எடுத்தவ 2007 நவம்பர் தாளப் பாத்துட்டு அப்படியே தரையில உக்காந்துட்டேன், இன்னும் வயிறு எரியுது.

கணக்குல இருந்தது 8.15 பவுண்ட். 5ஆம் தேதி போன் பில்லுக்கு டைரக்ட் டெபிட், அதாவது கணக்குல இருந்து தானா எடுத்துக்கிற காசு, 11.40 வருது. 3.25 கம்மி. பேங்க்காரன் கட்டல, திருப்பி அனுப்பிட்டான். சரி அதோட விட்டானா, கட்டாத பில்லுக்கு 35 பவுண்ட் சார்ஜ் போட்டுட்டான், கணக்கு மைனஸ் 26.85க்குப் போயிடுச்சு. 12ஆம் தேதி இன்னொரு டெபிட் 6 பவுண்டுக்கு வருது, மைனஸ்ல இருக்குற கணக்குல காசு எங்க இருக்கும், அதுவும் ரிட்டர்ன், அதுக்கு இன்னொரு 35. மாசக் கடைசில அனுமதியில்லாம ஓவர்டிராஃப்ட் எடுத்ததுக்குன்னு, அதாவது கணக்கு மைனஸ்ல போனதுக்குன்னு, தனியா 28. மொத்தம் 98 பவுண்ட். சுண்டைக்கா கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு எங்க பாட்டி சொல்லும், இங்க சுமைகூலி முப்பது மடங்கு.

இதுல கூத்து என்னன்னா வீட்டுக்காரர்கிட்ட காட்டினா "தப்பு என் மேலதான, காசு இல்லாம டெபிட் போட வச்சது நான்தான, பேங்க் என்ன பண்ணும்"ங்கிறார். நான் பகல் கொள்ளைங்கிறேன். ராத்திரி சாப்பாட்டுல ஆரம்பிச்ச சண்ட இன்னும் முடியல. நீங்க சொல்லுங்க, இது நியாயமா? இப்ப கேட்டா திரும்பக் கெடைக்க வழி இருக்கா?

நைட்ஷிஃப்ட்_நாகு:
அக்கா கோச்சுக்காதீங்க, நான் அண்ணன் கட்சி. அடுத்தவன் காச கேக்காம எடுத்தா அதுக்கு ஒரு வெல இருக்கத்தான் செய்யும். கணக்கு ஆரம்பிக்கும்போது குடுக்குற புக்குல இந்த சார்ஜ் எல்லாம் போட்டுத்தான் இருக்கும், நாமதான் படிக்காம கையெழுத்து போடுறோம். சார்ஜே இல்லன்னா மாசா மாசம் எல்லாரும் மைனஸ்ல போயிட்டு அப்புறம் பாத்துக்கலாம்னு இருப்பாங்க. இங்க கரண்ட் அக்கவுண்ட் ஃப்ரீ, கார்டு ஃப்ரீ, ஏடிஎம் ஃப்ரீ, எல்லாம் சும்மா வருமா? ஒழுங்கா கணக்கு வச்சிருக்கவனுக்கு ஒரு பைசா செலவில்ல. கணக்கு வைக்காதவன் கட்டுறான். எனக்குத் தப்பா தெரியல.

கவுண்டர்_மூணு:
நாகு தம்பி, நான் இங்க ஒரு பேங்க் பிராஞ்ச்ல ஏழு வருஷம் கவுண்டர்ல நின்னவ, பேர் வேண்டாம். அந்த முடிவ எந்த மனுஷனும் எடுக்கல, ராத்திரி கம்ப்யூட்டர் ஓடும், காசு இருக்கா இல்லையா, கட்டலாமா வேண்டாமான்னு அதுவே முடிவு பண்ணி அதுவே லெட்டர் அடிச்சு அதுவே கவர்ல போட்டுடும். காலைல நாங்க வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். அந்த லெட்டருக்கு 35 பவுண்ட்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு இத்தன சார்ஜ் வரைக்கும் நல்லெண்ணமா திருப்பிக் குடுக்கலாம்னு ஒரு அனுமதி இருந்துச்சு. யாருக்குப் போச்சுன்னு நினைக்கிறீங்க? கவுண்டர்ல வந்து சத்தம் போடுறவங்களுக்கு. டை கட்டிட்டு வந்து "மேனேஜரக் கூப்பிடு"ங்கிறவருக்கு ரெண்டு நிமிஷத்துல ரீஃபண்ட். படிக்க வந்த நம்ம பசங்க ஸ்டேட்மெண்ட்ட ரெண்டா மடிச்சு கையில வச்சுட்டு வரிசைல நிப்பாங்க, முறை வந்ததும் "தெரியாம ஆயிடுச்சு, சாரி"ன்னு அவங்களே மன்னிப்பு கேப்பாங்க, கட்டிட்டுப் போயிடுவாங்க. நீ கேட்டா குடுப்பேன்டான்னு நானா சொல்லக் கூடாது. அத நினைச்சா இப்பவும் ஒரு மாதிரி இருக்கு.

அப்புறம் அக்கா உங்க கணக்குல நீங்களே கவனிக்காத ஒண்ணு. ரெண்டாவது டெபிட் 6 பவுண்ட். மொதல் 35 புடிக்காம இருந்திருந்தா கணக்குல 8.15 அப்படியே இருந்திருக்கும், 6 பவுண்ட் தாராளமா போயிருக்கும், மைனஸே வந்திருக்காது. அதாவது ரெண்டாவது 35க்கும் கடைசி 28க்கும் காரணம் அண்ணன் இல்ல, அந்த மொதல் சார்ஜ். நாகு, இதுல அண்ணன் யார் காச கேக்காம எடுத்தார்னு சொல்லு. பேங்க் ஒரு பென்னி கூட கடன் குடுக்கலயே.

நைட்ஷிஃப்ட்_நாகு:
அது... சரி, ரெண்டாவது 35க்கு நான் வக்காலத்து வாங்கல. மொதல் சார்ஜ் சரிதான்.

பாயிண்ட்_பாண்டி:
இந்த விஷயம் பெரிய கேஸ் ஆகி ஓடுனது இங்க நெறைய பேருக்குத் தெரியாது, நான் அப்ப சட்டம் படிச்சிட்டு இருந்ததால ஆர்வமா பாத்தேன். 2007 ஜூலைல ஓ.எஃப்.டி., அதாவது அப்ப இருந்த நியாய வர்த்தக அலுவலகம், ஏழு பேங்க், ஒரு பில்டிங் சொசைட்டி (பேங்க் மாதிரியே கணக்கும் வீட்டுக் கடனும் குடுக்குற சங்கம்) மேல டெஸ்ட் கேஸ், அதாவது மத்த கேஸுக்கெல்லாம் வழிகாட்டுற மாதிரி வழக்கு, போட்டாங்க. அதுக்கு முன்னாடி ஜனங்க லெட்டர் போட்டா பேங்குங்க சத்தமில்லாம திருப்பிக் குடுத்துட்டு இருந்தாங்க. கேஸ் வந்ததும் முடியுற வரைக்கும் புகாரெல்லாம் கெடப்புல போடலாம்னு பேங்குங்களுக்கு சலுகை கெடச்சுது. உங்க தாள் நவம்பர்னா அண்ணன் அப்ப கேட்டிருந்தாலும் "கேஸ் நடக்குது"ன்னுதான் பதில் வந்திருக்கும்.

2008ல ஹைகோர்ட்ல ஓ.எஃப்.டி. ஜெயிச்சுது, 2009 பிப்ரவரில அப்பீல் கோர்ட்லயும் ஜெயிச்சுது, எல்லாரும் காசு வந்துடுச்சுன்னே நினைச்சாங்க. 2009 நவம்பர் 25, சுப்ரீம் கோர்ட், அந்தக் கோர்ட்டே அதுக்கு முந்தின மாசம்தான் தொறந்தது, அஞ்சு ஜட்ஜும் ஒருமனதா பேங்க் பக்கம் தீர்ப்பு சொல்லிட்டாங்க. இங்கதான் பலரும் தப்பா புரிஞ்சுக்கிறாங்க. சார்ஜ் நியாயம்னு கோர்ட் சொல்லவே இல்ல. 1999 நுகர்வோர் விதிப்படி ஒப்பந்தத்தோட விலை சரியா தப்பான்னு கேட்டு ஒரு ஷரத்த அநியாயம்னு சொல்ல முடியாது, இந்த சார்ஜும் கணக்கு சேவைக்கு நாம குடுக்குற விலையில ஒரு பகுதி, அதனால அந்த வழியில வந்து கேள்வி கேக்க முடியாதுன்னாங்க, அவ்ளோதான். கேள்வியையே எடுத்துக்க மாட்டேன்னு சொன்னத "நியாயம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு"ன்னு இன்னிக்கும் பேசுறாங்க. டிசம்பர்ல ஓ.எஃப்.டி. கைய விரிச்சிடுச்சு.

இப்ப கேட்டா கெடைக்குமான்னா இவ்ளோ வருஷம் கழிச்சு ரொம்பக் கஷ்டம்க்கா. கோர்ட்டுக்குப் பொதுவா ஆறு வருஷக் கெடு. பேங்குக்கு ஒரு லெட்டர் போடுறதுல ஸ்டாம்ப் காசுதான் போகும், ஆனா எதிர்பாக்காதீங்க. பாதி குடுத்தா வாங்கித் தர்றேன்னு யாராவது போன் பண்ணா வச்சிடுங்க.

நைட்ஷிஃப்ட்_நாகு:
பாத்தீங்களா, விலையில ஒரு பகுதின்னு கோர்ட்டே சொல்லிருக்கு. நான் சொன்ன ஃப்ரீ அக்கவுண்ட் பாயிண்ட்டும் அதுதான.

பாயிண்ட்_பாண்டி:
அதே பாயிண்ட்டதான் நான் திருப்பிக் கேக்குறேன். 2006ல இங்க பேங்குங்க கரண்ட் அக்கவுண்ட்ல சம்பாதிச்சது 8.3 பில்லியன் பவுண்ட், அதுல 2.6 பில்லியன் இந்த மாதிரி காசு பத்தாததுக்குப் போட்ட சார்ஜ், ஓ.எஃப்.டி. 2008ல போட்ட கணக்கு இது. அப்ப உன் ஃப்ரீ கார்டுக்கும் என் ஃப்ரீ ஏடிஎம்முக்கும் யார் காசு கட்டினா? மாசக் கடைசில 3 பவுண்ட் கொறஞ்ச ஸ்டூடண்ட் கட்டினான். பின்னாடி பேங்குங்கள கண்காணிக்கிற எஃப்.சி.ஏ. அமைப்பு பாத்தப்ப இன்னும் மோசம், 2016ல அனுமதியில்லா ஓவர்டிராஃப்ட் கட்டணத்துல பாதிக்கு மேல வந்தது வெறும் 1.5 சதவீத வாடிக்கையாளர்கள்கிட்ட இருந்து. பட்ட காலிலே படும்னு சும்மாவா சொன்னாங்க. சில சமயம் பே டே லோன், அதாவது சம்பளம் வர்ற வரைக்கும் வாங்குற சின்னக் கடன், அதோட செலவ விட பத்து மடங்குக்கு மேல வந்துச்சுன்னும் அவங்களே சொல்லிருக்காங்க. கந்துவட்டிக்காரன் தேவல.

டாலர்தேசம்:
நான் அமெரிக்கால இருக்கேன், இங்க நடந்தத கேட்டா அக்காவுக்கு ரத்தம் கொதிக்கும். ஒரே நாள்ல அஞ்சு செலவு பண்ணா, வந்த வரிசைல கழிக்காம பெரிய தொகைய மொதல்ல கழிப்பாங்க, பேலன்ஸ் ஒரே அடில காலி ஆகும், மிச்சம் நாலு சின்ன செலவுக்கும் தனித்தனியா ஓவர்டிராஃப்ட் ஃபீஸ். வரிசைய மாத்திப் போட்டா ஒண்ணுக்குத்தான் ஃபீஸ் வந்திருக்கும். 2010ல கலிஃபோர்னியா ஃபெடரல் கோர்ட்ல வெல்ஸ் ஃபார்கோ 203 மில்லியன் டாலர் திருப்பித் தரணும்னு தீர்ப்பு வந்தது இதுக்குத்தான். அதே வருஷத்துல இருந்து ஏடிஎம், டெபிட் கார்டு செலவுக்கு நாம சரின்னு சொன்னாத்தான் இந்த ஃபீஸ் போட முடியும்னு விதி. செக்குக்கும் தானா போற பில்லுக்கும் அந்த விதி கெடையாது, அது தெரியாம நெறைய பேர் மாட்டுறாங்க.

கவுண்டர்_மூணு:
இங்கயும் இப்ப அந்தப் பழைய கூத்து இல்ல. 2018ல இருந்து மைனஸ்ல போகப் போகுதுன்னா மெசேஜ் வரணும். 2020 ஏப்ரல் 6ல இருந்து நாளுக்கு இவ்ளோ மாசத்துக்கு இவ்ளோன்னு புடிக்கக் கூடாது, வட்டி மட்டும்தான், அதுவும் அனுமதி வாங்குன ஓவர்டிராஃப்ட்டுக்கு என்ன வட்டியோ அதுக்கு மேல போடக் கூடாது. பில்ல திருப்பி அனுப்புனா ஆகுற செலவ ஒட்டித்தான் சார்ஜ் இருக்கணும், பல பேங்க் அத சுத்தமா எடுத்துட்டாங்க. 100 பவுண்டுக்கு நாளுக்கு 5 பவுண்ட் வரைக்கும் போயிட்டு இருந்தது 20 பென்ஸுக்குள்ள வந்துடுச்சு.

நைட்ஷிஃப்ட்_நாகு:
அதையும் முழுசா சொல்லுங்க அக்கா. அந்த விதி வந்ததும் பெரிய பேங்க் பலதும் வட்டிய 40 சதவீதம் பக்கத்துக்கு ஏத்திட்டாங்க. நான் அனுமதி வாங்கி ஒழுங்கா கட்டிட்டு இருந்தவன், 20 சுத்தி இருந்த வட்டி எனக்கு 39.9 ஆச்சு. 3 பவுண்ட் கொறஞ்சவன காப்பாத்த என் தலையில கைய வச்சுட்டாங்க. அது மட்டும் நியாயமா?

கவுண்டர்_மூணு:
நியாயம் இல்லதான், நீ சொல்றது சரி. ஆனா உனக்கு எவ்ளோ கட்டணும்னு கணக்கு போட முடியுதுல்ல? 50 பவுண்ட் பத்து நாளுன்னா ஏறக்குறைய அர பவுண்ட். எடுத்த காசுக்கும் எடுத்த நாளுக்கும் ஏத்த மாதிரி ஏறுது எறங்குது. 3.25க்கும் 300க்கும் ஒரே 35ன்னு போட்டதத்தான் நான் தப்புங்கிறேன்.

சில்லறைக்காசு:
எல்லாருக்கும் நன்றி, இவ்ளோ விஷயம் இருக்கும்னு நினைக்கல. கவுண்டர் அக்கா சொன்ன அந்த 6 பவுண்ட் விஷயத்த வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் தாளையே பாத்துட்டு இருந்தார், அப்புறம் சிரிக்க ஆரம்பிச்சிட்டார். அந்த 6 பவுண்ட் என்ன தெரியுமா, ஸ்டேஷன் வாசல்ல ஒரு பொண்ணு நோட்டுப் பலகையோட நிறுத்தி பேசி பேசி ஃபார்ம்ல கையெழுத்து வாங்கின மாசாந்திர நன்கொடையாம். கையில 8 பவுண்ட் வச்சுட்டு தர்மம் பண்ணிருக்கார் மனுஷன், அது போய் சேரவும் இல்ல, 35 பவுண்ட் தண்டம்.

லெட்டர் போடலாமான்னு கேட்டேன். வேண்டாம்ங்கிறார். மொதல் 35 என் தப்பு, ரெண்டாவது அவன் தப்பு, இதுக்கு மேல எறங்க மாட்டேன்னுட்டார். நாகு தம்பி, உங்க அண்ணன் உங்க அளவுக்குத்தான் எறங்கிருக்கார். தாள மட்டும் கிழிக்கல, வச்சிருக்கேன்.