புதுப்பிப்பு: கருப்பு வெள்ளை ஸ்லைடில் எமல்ஷன் உரிந்த பிரச்சினை தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: எஃப்பி4 என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமை வீட்டிலேயே ரிவர்சல் செய்தபோது (நெகட்டிவாக நிறுத்தாமல் அதே ஃபிலிமையே ஸ்லைடு ஆக்குவது), முதல் டெவலப்பரில் உருவான வெள்ளியைக் கரைக்கும் ப்ளீச்சுக்கு அப்புறம் எமல்ஷன் (படம் பதியும் ஜெலட்டின் பூச்சு) பாலாடை மாதிரி ஓரத்தில் சுருண்டு உரிந்தது, தப்பிய ஃப்ரேம்களும் ஒரே இருட்டு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"ரசாயனம் மட்டும் குளிர்ந்தால் போதாது, அலசும் தண்ணீரைப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னதுதான் விடை. அமிலம் கலந்த பெர்மாங்கனேட் ப்ளீச்சில் ஜெலட்டின் ஊறி இளகிவிடும். நானோ டெவலப்பரை 20 டிகிரியில் வைத்துவிட்டு, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரில் அலசியிருக்கிறேன். தெர்மாமீட்டர் வைத்தால் 33! இந்தத் தடவை இரண்டு பக்கெட் தண்ணீரை ஐஸ் வைத்து 20க்குக் கொண்டுவந்து, கடைசி அலசல்வரை அதையே பயன்படுத்தினேன். ஒரு ஃப்ரேம்கூட உரியவில்லை.

இருட்டுக்குக் காரணம் வேறு. வெளிச்சப் பகுதிகளில் மிஞ்சும் வெள்ளி உப்புதான் பின்னால் கருக்கிறது; அதைக் கரைக்க முதல் டெவலப்பரில் ஹைப்போ (சோடியம் தயோசல்ஃபேட்) சேர்க்கச் சொன்னீர்கள். லிட்டருக்கு 8 கிராம் போட்டு 12 நிமிடம் விட்டேன். படத்தில் வெள்ளைச் சட்டை இப்போது வெள்ளையாகவே தெரிகிறது. நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்த ரோலில் இந்தத் தெளிவு இல்லை.

எதிர்பாராதது ஒன்று: ப்ளீச் முடிந்ததும் ஃபிலிம் முழுக்கப் பழுப்பு. போச்சு என்று நினைத்தேன். அது பெர்மாங்கனேட் விட்டுப்போகும் மாங்கனீசு டையாக்சைடு கறைதான். மெட்டாபைசல்ஃபைட் கரைசலில் இரண்டு நிமிடத்தில் போய்விட்டது. குளியலறைத் தரையில் சிந்திய கறைக்கும் அதையே ஊற்றினேன், வீட்டில் திட்டு வாங்காமல் தப்பித்தேன்.

ப்ளீச்சின் இரண்டு பாகங்களையும் (பெர்மாங்கனேட், அமிலம்) தனித்தனியாக வைத்திருந்து, ஊற்றும் நேரத்தில்தான் கலக்க வேண்டும். கலந்தது தாங்காது. அடுத்து, ரிவர்சலுக்கென்றே வரும் ஃபோமாபான் ஆர்100 ஃபிலிமில் முயற்சி.