முல்லைத்தீவுல பனை ஓலை பின்ற பெண்கள் சங்கத்துக்கு நம்ம குழு எப்படி கைகொடுக்கலாம்?

கொருக்குப்பேட்டை மகளிர்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க 14 பேர் சேர்ந்து சுய உதவிக் குழு நடத்துறோம், 11 வருஷமா ஓடுது. மசாலா பொடி அரைக்கிறோம், கல்யாணத்துக்கு தாம்பூலப் பை தைச்சுக் குடுக்குறோம். புழல் காவாங்கரை முகாம்ல இருந்த எங்க தோழி ஒருத்தங்க சில வருஷம் முன்னாடி ஊருக்கே திரும்பிப் போய்ட்டாங்க, முல்லைத்தீவு பக்கம். அங்க 30 பொம்பளைங்க சேர்ந்த ஒரு சின்ன சங்கத்துல இருக்காங்க. பாதிப் பேருக்கு மேல வீட்டுக்காரர் சண்டைல போய்ட்டாரு, இல்ல 2009ல காணாம போனவரு இன்னும் என்ன ஆனாருன்னே தெரியல. பனை ஓலைல பெட்டி, சுளகு, பை எல்லாம் பின்றாங்க. போட்டோ அனுப்புனாங்க, அவ்ளோ நேர்த்தி, பாத்துட்டு ரொம்ப நேரம் எங்களுக்குப் பேச்சே வரல.

குழு சேமிப்புலருந்து ஒன்றரை லட்சம் இதுக்காக எடுக்கலாம்னு கூட்டத்துல பேசிருக்கோம். மெஷின் வாங்கித் தரலாமா, சின்ன வட்டில கடனா குடுக்கலாமா, இல்ல பெட்டிய இங்க வரவழைச்சு வித்துத் தரலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, தப்பா எதுவும் செஞ்சுடக் கூடாதுன்னு பயமா இருக்கு.

காசிமேட்டுப் பையன்:

அக்கா, மெஷின் மட்டும் வேணாம்கா. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் எங்க தெருவுக்கு ஒரு அமைப்பு வந்து 10 தையல் மெஷின் குடுத்துச்சு. போட்டோ எடுத்தாங்க, மூணு மாசம் ட்ரெய்னிங்கும் குடுத்தாங்க, அதோட போய்ட்டாங்க. யாருக்குத் தைக்கிறது, துணி எங்க வாங்குறது, பெல்ட் அறுந்தா யாரு பாக்குறதுன்னு சொல்ல ஆளே இல்ல. எங்கம்மாவோட மெஷின் மேல இப்போ அரிசி மூட்டை கீது. அவங்க சோம்பேறின்னு இல்லக்கா, விடிகாலை மூணு மணிக்கே எழுந்து ஹார்பர்ல மீன் ஏலம் எடுக்கப் போறவங்க. தைச்சத வாங்க ஆள் இல்ல, அவ்ளோதான் விஷயம்.

வன்னி மகள்:

நான் கிளிநொச்சி. படிக்கிறதுக்காக இப்ப மாதவரத்தில இருக்கிறன். அக்கா, நீங்கள் கேட்ட விதமே எனக்குப் பெரிய ஆறுதல்.

கடன் எண்ட சொல்லைத் தயவுசெய்து எடுக்காதேங்கோ. சண்டை முடிஞ்ச பிறகு எங்கட ஊருக்கு ரோட்டு வர முன்னமே நுண்கடன் கொம்பனியள் வந்திட்டினம். கிழமைக்குக் கிழமை வாசல்ல வந்து நிப்பினம். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன், அதைக் கட்டத் தோடு, பிறகு காணி உறுதி, அதுதான் நிலப் பத்திரம். 2018ல அரசாங்கமே வறட்சி மாவட்டங்களில ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடன் எடுத்த பெண்களுக்குத் தள்ளுபடி அறிவிக்க வேண்டி வந்தது எண்டா நிலைமையை யோசிச்சுப் பாருங்கோ. உங்கட வட்டி குறைவாத்தான் இருக்கும், ஆனா கடன் எண்டவுடனே அந்தச் சனத்துக்கு வாசல்ல நிண்ட ஆள்தான் ஞாபகத்துக்கு வருவார்.

முதல்ல அந்தச் சங்கம் எப்பிடிப் பதிஞ்சிருக்கு எண்டு கேளுங்கோ. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமா, கூட்டுறவுச் சங்கமா? அங்க பழைய கூட்டுறவு அமைப்புகள் இருக்குது, பனை அபிவிருத்திச் சபையும் 1978ல இருந்து இருக்குது. அவையளை விட்டிட்டு வெளியில இருந்து புதுசா ஒரு குழுவை உருவாக்கினா காசு நிண்டவுடனே அது கலைஞ்சிடும். இன்னொண்டு, சார்வோலை எண்டு சொல்லுற இளம் ஓலையை எடுத்து, காயவிட்டு, கீலம் கீலமா வார்ந்து, சாயம் போட்டு, பிறகுதான் பின்னுறது. பின்னுற நேரத்துக்கு மட்டும் கூலி கணக்குப் பாத்து மற்ற வேலையெல்லாம் சும்மா போகுது. என்ர அம்மம்மா கடகம் எண்ட பெரிய ஓலைப் பெட்டி பின்னி விரல் வெடிச்சவ, அதால இதைச் சொல்லாமல் இருக்கேலாது.

தண்டையார்பேட்டை ரிட்டயர்டு:

நான் கூட்டுறவுத் துறைல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேல ரெண்டு பேர் சொன்னதும் சரி. நான் ருவாண்டா கதைய சொல்றேன், ஏன்னா இதுக்கு ரொம்ப பக்கத்துல வரும். 1994 படுகொலைக்கு அப்புறம் தெற்குல மரபாங்கிற ஊர்ல 1999ல காபி விவசாயிங்க கூட்டுறவு ஆரம்பிச்சாங்க, அதுல விதவைங்க நிறைய பேர். அப்ப அவங்க காபிக்கு அடிமாட்டு விலைதான், ஏன்னா சரியா கழுவிப் பக்குவம் பண்ண வசதி கிடையாது. 2001ல ருவாண்டா தேசியப் பல்கலைக்கழகமும் அமெரிக்க உதவித் திட்டமும் சேர்ந்து கழுவுற நிலையம் அமைக்க உதவினாங்க. அதோட விடல, ருசி பாத்து தரம் பிரிக்கவும் கத்துக் குடுத்தாங்க, நல்ல விலைக்கு வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிங்களையும் கூட்டிட்டு வந்தாங்க. தரமும் வாங்குற ஆளும் ஒண்ணா வந்ததாலதான் விலை ஏறிச்சு.

இனி உங்க விஷயம். இங்க கொண்டுவந்து விக்கணும்னா இறக்குமதி குறியீட்டு எண் எடுக்கணும், ஓலைப் பொருளுக்கு பூச்சி இருக்கான்னு தாவர பரிசோதனை வேற கேப்பாங்க, 200 பெட்டிக்கு அது கட்டுபடி ஆகாது. நம்ம ராமநாதபுரம், தூத்துக்குடி பக்கம் பின்ற பொம்பளைங்களும் இதே சந்தைய நம்பித்தான் இருக்காங்க, அதையும் மனசுல வைங்கம்மா. அதனால கொழும்பு, யாழ்ப்பாணத்து ஓட்டல், கல்யாண மண்டபம்னு அங்கயே வாங்குற ஆளைப் புடிக்க உதவி பண்ணுங்க. உங்க கிட்ட இருக்குறது 11 வருஷ அனுபவம், விலை போடத் தெரியும், ஆர்டர் தேதி தவறாம குடுக்கத் தெரியும், கல்யாண வீட்டுக்காரங்க என்ன அளவு கேப்பாங்கன்னும் தெரியும். பணத்த விட அது பெருசு. பணமா எதுவும் அனுப்புறதா இருந்தா முதல்ல பேங்க்ல போய் முறைய கேட்டுக்குங்க, குழு கணக்கு சிக்கல்ல மாட்டிடக் கூடாது.

கொருக்குப்பேட்டை மகளிர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல அந்த சங்கத்து தலைவிகிட்ட ஒண்ணரை மணி நேரம் பேசினோம். நாங்க மெஷின், கடன்னு யோசிச்சுட்டு இருந்தோம், அவங்க பிரச்சனை வேற. பொருள் எடுக்குற கடைக்காரங்க வித்த பிறகுதான் காசு தர்றாங்களாம், ரெண்டு மாசம் ஆகுமாம், அதுக்குள்ள ஓலை வாங்கவே கையில காசு இருக்காதாம். அதனாலதான் ஆர்டர் வந்தாலும் பாதிதான் எடுத்துக்குறாங்களாம். இத நாங்க கேட்டிருக்காட்டி தெரிஞ்சே இருக்காது.

இப்போதைக்கு முடிவு பண்ணது, ஆர்டர் எடுக்கும்போதே பாதி அட்வான்ஸ் வாங்குற மாதிரி ரசீது எப்படிப் போடுறதுன்னு எங்க கணக்கு நோட்டையே வீடியோ கால்ல காட்டிச் சொல்லித் தரப்போறோம். வன்னி மகள் சொன்ன மாதிரி ஓலை எடுக்குறதுலருந்து மணிக்கணக்கு எழுதச் சொல்லிருக்கோம். தாம்பூலப் பெட்டி மூணு அளவுல அவங்க சாம்பிள் பின்றாங்க, முடிஞ்சதும் போட்டோ இங்க போடுறேன். தங்கச்சி, உனக்கு நேரம் இருந்தா அடுத்த கால்ல நீயும் வந்து சேந்துக்கோ, அவங்க வேகமா பேசும்போது சில வார்த்தை எங்களுக்குப் புரியல.