அப்சார்ப்டிவ் கபாசிட்டி: உள்வாங்குதிறனா, செரிதிறனா?

> வெளியிலிருந்து வரும் அறிவைத் தனதாக்கிப் பயன்படுத்தும் திறனை ஆங்கிலத்தில் ‘அப்சார்ப்டிவ் கபாசிட்டி’ என்கிறார்கள். அதைத் தமிழில் ‘உள்வாங்குதிறன்’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

கடல் உள்வாங்கியது, சுவர் உள்வாங்கியது என்ற பொருள்தான் முதலில் நினைவுக்கு வரும். ‘உறிஞ்சுதிறன்’ மண்ணுக்கும் பஞ்சுக்கும் சரி. பிழிந்தால் தண்ணீர் தண்ணீராகவே வெளியே வந்துவிடும். ஆய்வாளர்கள் கோஹனும் லெவிந்தாலும் 1990-இல் இக்கருத்தை வரையறுத்தபோது மூன்றைச் சேர்த்தே சொன்னார்கள்: வெளியறிவின் மதிப்பை உணர்தல், தன்மயமாக்குதல், வணிகத்தில் பயன்படுத்துதல். நடுவில் இருப்பதுதான் உயிர்நாடி. ஆகவே ‘செரிதிறன்’ என்பது என் முன்மொழிவு.

ஜப்பானிய நூற்பாலைகளைப் பாருங்கள். ஒசாகா நூற்பாலை 1883-இல் மியூல் என்ற பழைய வகை நூற்பு இயந்திரங்களின் 10,500 கதிர்களோடு ஓடத் தொடங்கியது. பிறகு ஆலைகள் ரிங் பிரேம் என்ற புதுவகை நூற்பு இயந்திரத்துக்கு மாறின. அதில் முறுக்கேறும்போதே நூல் இழுவிசையையும் தாங்கவேண்டும். குட்டை இழைப் பஞ்சானால் அடிக்கடி அறும், ஒவ்வொரு அறுப்பையும் ஆள் வந்து ஒட்டவேண்டும். அதற்காக இந்தியக் குட்டை இழைப் பஞ்சோடு நீண்ட இழை அமெரிக்கப் பஞ்சைக் கலந்தார்கள். பிரேம் கப்பலில் வந்திறங்கியது. பஞ்சைக் கலக்கும் பக்குவம் ஆலைக்குள் கைவந்தது. 1929-இல், ஜப்பானுக்கு நூற்பு இயந்திரங்களை விற்றுவந்த இங்கிலாந்தின் பிளாட் நிறுவனமே டொயோடாவின் தானியங்கித் தறி உரிமையை 1,00,000 பவுண்டுக்கு வாங்கியது. இதை ‘உறிஞ்சுதல்’ என்று சொல்ல மனம் வரவில்லை.

> ஏற்கெனவே ‘தொழில்நுட்ப ஏற்பு’ இருக்கிறதே, போதாதா?

போதாது. ஏற்பு என்பது வாங்கி நிறுவி இயக்குவது. இயந்திரம் ஓடும், ஆனால் அளவுத்திருத்தத்துக்கும் உதிரிபாகத்துக்கும் விற்றவரையே அழைக்கவேண்டியிருக்கும், மூலப்பொருள் சற்று மாறினால் கழிவு ஏறும். ஏற்பு மிகுந்தும் செரிதிறன் குறைந்தும் ஒரு நாடு இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வேறுபாட்டையே தமிழில் எழுத முடியாது. வணிகத்தின் பங்கும் இங்கேதான் பிரிகிறது: இறக்குமதி ஏற்பை விரைவுபடுத்தும், ஏற்றுமதியோ செரிதிறனைக் கட்டாயமாக்கும், தரம் பிசகிய சரக்கை அயல்நாட்டு வாங்குநர் திருப்பி அனுப்பிவிடுவார். உயர்ந்த சுங்கவரியின் பாதுகாப்பில் உள்நாட்டில் மட்டுமே விற்கும் ஆலைக்கு அந்த நெருக்கடி இல்லை.

> ‘செரித்திறன்’ என்று ஒற்று மிகாதா?

மிகாது. ‘ஏவுகணை’ போல இது வினைத்தொகை. செயலைக் குறிக்க ‘நுட்பச் செரிப்பு’ என்று எழுதலாம். அங்கே ஒற்று மிகும்.

> செரித்தல் வயிற்றோடு ஒட்டிய சொல்லாயிற்றே?

ஆமாம், அதனால்தான் பொருந்துகிறது. உண்டது உருமாறி உடம்பாகிறது. கலைச்சொல் பட்டியலில் ஏற்பு, செரிப்பு, பரவல் (நுட்பம் பிறருக்கும் பரவுவது) என மூன்று தனிப் பதிவுகளாகச் சேர்க்கவேண்டும் என்பது என் கோரிக்கை.