பானட்டைத் திறக்காத மதுரைக்காரர்கள்

வைகைக்கரையான்: போன ஞாயிறு சொந்தக்காரர் காரில் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போனோம். பாதி மலையில் ஹீட் முள் உச்சிக்குப் போய்விட்டது. பானட்டைத் திறந்தால், இன்ஜின் சூட்டைத் தணிக்கிற கூலண்ட் டப்பா காய்ந்து கிடக்கிறது. "அதெல்லாம் சர்வீஸ்காரன் வேலை மாப்ள" என்கிறார். பாண்டி கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்கியதோடு வண்டிக்கும் அவருக்கும் உறவு முடிந்தது போல. ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதுமா?

உசிலம்பட்டி டீசல்: அவரை ஏன் திட்டுகிறீர்கள்? சர்வீஸுக்கு விட்டால் கேட்காத வேலையெல்லாம் பில்லில் ஏறுகிறது. எனக்கு 18,000 கிலோமீட்டரிலேயே வீல் அலைன்மென்ட், ஏசி கிளீனிங், இன்ஜின் கோட்டிங் என்று நீட்டினார்கள். பாதியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். பயந்துபோய்தான் ஆட்கள் தள்ளிப் போடுகிறார்கள். மாதத் தவணை கட்டுகிறவனுக்குத்தான் தெரியும்.

வைகைக்கரையான்: பெட்ரோல் பங்கில் காத்து இலவசம். ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்க்க யாருக்குத் தவணை கட்ட வேண்டும்?

உசிலம்பட்டி டீசல்: காத்து இலவசம்தான். அடிக்கிறவர் டீ குடிக்கப் போயிருப்பார்.

ஆரப்பாளையம் ஷெட்: டீசல் அண்ணே, பில் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். ஆனால் எங்களிடம் வருகிற பெரிய செலவெல்லாம் சின்னதைப் பார்க்காமல் வந்ததுதான். கூலண்ட் குறைந்ததும் போர் தண்ணீரை ஊற்றுகிறார்கள். ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து அடைத்துக்கொள்ளும். அப்படியே ஓட்டினால் ஹெட் கேஸ்கட், அதாவது இன்ஜின் தலைக்கு அடியில் கசியாமல் அடைக்கிற தகடு, போகும். (சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. கை வெந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.) பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். பழைய ஆயிலோடு மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் அது கொதித்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றுங்கள், இறக்கத்தில் கியரைக் குறைத்து வாருங்கள். அப்புறம் டயர். பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு 1.6 மில்லிமீட்டர். பட்டன், அதாவது ரோட்டைத் தொடுகிற ரப்பர் கட்டை, அதுவரை தேய்ந்தால் கதை முடிந்தது. பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. ஸ்டெப்னியையும் பாருங்கள்.

வைகைக்கரையான்: டீசல், ஆளைக் காணோம்?

உசிலம்பட்டி டீசல்: டிக்கியில் இருந்தேன். ஸ்டெப்னி 1116. வாங்கிய நாளிலிருந்து இறக்கியதே இல்லை, காத்தும் சுத்தமாக இல்லை. அதற்காக அந்த இன்ஜின் கோட்டிங்கை ஒத்துக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள்.