மறு: ‘ஹேங்’ ஆவதற்கு ஒரு சொல்

> ‘தொங்குதல்’ என்றே போட்டுவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

‘ஹேங்’ ஆவதற்கு, அதாவது கணினி நிரல் பதில் தராமல் நின்றுபோவதற்கு, தமிழில் என்ன சொல் என்பதுதானே கேள்வி. ‘தொங்குதல்’ புரியும்தான். ஆனால் நம் ஊரில் தொங்குவது கொடியில் சட்டை, மரத்தில் வௌவால். ‘தொங்கு நாடாளுமன்றம்’ என்று ஒருமுறை எழுதிப் பட்டது போதும்.

> அப்படியானால் ‘உறைதல்’?

திரை அசையாமல் நின்றுவிட்டால் அது சரி. சர்வரில் நிரல் நின்றுபோவது வேறு விஷயம். அண்மையில் செங்கோட்டையில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் பார்த்ததைச் சொல்கிறேன்.

அவர்கள் தளம் ஓடுவது இன்னும் பிஎச்பி 5.6-இல், அதாவது இணையத்தளம் எழுதும் ஒரு மொழியின் பழைய பதிப்பில். அதற்கான ஆதரவு 2018 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. சொன்னால், “ஓடுதுல்லா சார்?” என்கிறார்கள். புக்கிங் போட்டதும் ஓட்டுநருக்கு எஸ்எம்எஸ் போக வேண்டும். எஸ்எம்எஸ் சர்வரோ இணைப்பை எடுத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. வெளி சர்வரோடு பேச பிஎச்பி பயன்படுத்தும் கர்லுக்கு நாமாக நேர வரம்பு கொடுக்காவிட்டால் மதிப்பு 0, அதாவது எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். 30 விநாடிக்கு மேல் ஓடும் நிரலை நிறுத்திவிடும் பிஎச்பியின் வரம்பு எங்கே போயிற்று? லினக்ஸில் அந்தக் கடிகாரம் நிரல் தானாக ஓடும் நேரத்தைத்தான் எண்ணும். வெளியிலிருந்து பதில் வரக் காத்திருக்கும் நேரம் கணக்கில் சேராது.

நிரல் இயங்குதளத்திடம் என்னென்ன கேட்கிறது என்று காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டுப் பார்த்தேன். விநாடிக்கு ஒருமுறை ‘போல்’ என்று ஒரு வரி. எட்டிப் பார்க்கிறது, ஒன்றும் இல்லை, மறுபடி காத்திருப்பு. சிபியு சும்மா இருக்கிறது. பிஎச்பி வேலைகளைப் பங்கிடும் எஃப்பிஎம்மில் ஒரே நேரத்தில் 5 வேலைதான் என்று வைத்திருந்தார்கள். ஐந்து பேர் பொத்தானை அமுக்கியதும் ஆறாவது ஆளுக்கு முகப்புப் பக்கமே வரவில்லை.

அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த ஓட்டுநர் ஒருவர், “எஸ் வளைவுல ஒரு வண்டி நின்னுட்டு. புளியரை வரைக்கும் தேங்கிட்டு” என்றார். இரண்டும் செங்கோட்டையிலிருந்து கேரளம் போகும் சாலையில் உள்ள இடங்கள். எனக்குச் சொல் கிடைத்துவிட்டது: தேங்கல்.

லாரி எதுவும் கெடவில்லை, இன்ஜின்கூட ஓடுகிறது, ஆனால் நகரவில்லை. பின்னால் வருவதும் சேர்ந்து நிற்கிறது. ‘உறைதல்’ என்பதில் இந்தப் பின்வரிசை இல்லை. இன்னொரு வசதி, தேங்கு – தேக்கு என்று தன்வினை, பிறவினை இரண்டும் கைவசம் உண்டு. நிரல் தேங்கியது, அதைத் தேக்கியது எஸ்எம்எஸ் அழைப்பு. ஆகவே பதில் வரும்வரை நிரலை நிறுத்திவைக்கும் ‘பிளாக்கிங் கால்’ தேக்கும் அழைப்பு, அப்படி நிறுத்தாத ‘நான்-பிளாக்கிங்’ தேக்கா அழைப்பு. ‘தேக்கி’ என்று பெயர்ச்சொல்லாக்க மட்டும் வேண்டாம், அது மின்தேக்கி என்று கெப்பாசிட்டருக்குப் போய்விட்டது.

> முடிவில்லாத சுழற்சியில் மாட்டிக்கொண்டாலும் தேங்கல்தானா?

இல்லை. அங்கே சிபியு 100 சதவீதத்தில் கொதிக்கும், அதைச் சுழற்சி என்றே சொல்வோம். இரண்டுக்கும் மருந்து வேறு. பக்கத்தைத் திறந்தவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். அதனால் திரையில் ‘பதில் வரவில்லை’ என்று காட்டினால் போதும். ‘தேங்கல்’ சர்வர் பதிவுகளிலும் உதவிக் குறிப்புகளிலும் இருக்கட்டும்.

அந்த ஆபீஸ் தளத்தின் கதையையும் சொல்லிவிடுகிறேன். கர்லுக்கு 10 விநாடி வரம்பு வைத்துவிட்டு வந்தேன், இப்போது தேங்குவதில்லை. பிஎச்பியை மாற்றுவது பற்றி, “பொங்கல் கழியட்டும் சார்” என்றிருக்கிறார்கள்.