மேக்கில் இடம் எங்கே போகிறது? எந்தச் செயலிகள் அவசியம்?

பாவுநூல்:
வணக்கம். பதினைந்து வருடம் விண்டோஸிலேயே காலம் தள்ளியவன். இரண்டு வருடமாக மேக்புக் ஏர். எம்1 சில்லு, 8 ஜிபி நினைவகம், 256 ஜிபி சேமிப்பு. மொழிபெயர்ப்பும் மெய்ப்புத் திருத்தமும்தான் தொழில். இரண்டு நாளாக இடமில்லை என்று எச்சரிக்கை வருகிறது. காலி இடம் 6 ஜிபிதான். என் கோப்புகளையெல்லாம் கூட்டினாலும் 100 ஜிபி தாண்டாது. விளம்பரத்தில் பார்த்த ஒரு துப்புரவுச் செயலியை நிறுவினேன். 1.4 ஜிபி குப்பை இருக்கிறது, அகற்ற ஆண்டுச் சந்தா கட்டு என்கிறது. கட்டலாமா? அப்படியே, மேக் வைத்திருப்பவர்கள் அவசியம் வைத்திருக்க வேண்டிய செயலிகளையும் சொல்லுங்கள்.

நடுச்சாமம்:
கட்டாதீர்கள். அது காட்டும் 1.4 ஜிபியில் பெரும்பகுதி உலாவி முதலியவை சேர்த்துவைத்த தற்காலிகக் கோப்புகளாகத்தான் இருக்கும். இன்று அழித்தால் அடுத்த வாரம் திரும்ப வந்துவிடும். முதலில் அந்தச் செயலியையே வெளியேற்றுங்கள். குப்பைத்தொட்டியில் இழுத்துப் போட்டால் மட்டும் போதாது, அதன் துணைக்கோப்புகள் அங்கங்கே தங்கிவிடும். ஆப்கிளீனர் என்ற இலவசச் செயலியின் சாளரத்தில் அதை இழுத்துப் போட்டால், ஒட்டிக்கொண்டிருக்கும் கோப்புகளையும் சேர்த்துப் பட்டியல் காட்டும். பிறகு கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ் நிறுவி வட்டு முழுவதையும் அலசச் சொல்லுங்கள். ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற கட்டமாக வரைந்து காட்டும்.

கல்மண்டபம்:
மேக்கின் சொந்தக் காப்புப்பிரதி வசதியான டைம் மெஷின் போட்டிருக்கிறீர்களா? அது மணிக்கொரு முறை வட்டுக்குள்ளேயே ஒரு நிழற்பிரதி எடுத்து வைக்கும். அழித்த கோப்பின் இடம் ஒரு நாள்வரை விடுபடாமல் இருப்பதற்கு அதுதான் காரணம்.

பாவுநூல்:
டைம் மெஷின் எனக்கு வழக்கமில்லை. கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ் ஓட்டினேன். திரை முழுக்க வண்ணக் கட்டங்கள், பார்க்க ஒட்டுப்போட்ட போர்வைபோல இருக்கிறது. பெரிய கட்டங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்த வீடியோக்கள்தான். ஆனால் ஒன்று புரியவில்லை. அது கணக்கிட்ட மொத்தம் 155 ஜிபி. சிஸ்டம் செட்டிங்ஸ் 239 ஜிபி செலவாகிவிட்டது என்கிறது.

நடுச்சாமம்:
அந்த வித்தியாசத்தில்தான் விடை இருக்கிறது. சில ஃபோல்டர்களை உங்கள் அனுமதி இல்லாமல் எந்தச் செயலியும் எட்டிப்பார்க்க முடியாது. சிஸ்டம் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போய், 'ஃபுல் டிஸ்க் ஆக்சஸ்' பட்டியலில் கிராண்ட்பெர்ஸ்பெக்டிவைச் சேர்த்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். (துப்புரவுச் செயலிக்கும் இதே அனுமதியைக் கொடுத்திருந்தால் பறித்துவிடுங்கள்.)

பாவுநூல்:
அகப்பட்டது! படத்தில் மூன்றில் ஒரு பங்கு, மணலைக் கொட்டியதுபோல் பொடிப்பொடிக் கட்டங்கள். சுட்டியை வைத்தால் எழுத்தும் எண்ணும் கலந்த நீளப் பெயர்கள், ஒன்றுமே விளங்கவில்லை. மேலே 'மொபைல்சிங்க்' என்றொரு ஃபோல்டர். அளவு 81 ஜிபி. இது வைரஸா?

கல்மண்டபம்:
இல்லை ஐயா. யாரோ ஓர் ஐஃபோனை இதில் செருகிக் காப்புப்பிரதி எடுத்திருக்கிறார்கள். என் ஊகம் தவறிவிட்டது.

நடுச்சாமம்:
அதேதான். உள்ளே போய் ஒவ்வொரு கோப்பாக அழிக்காதீர்கள், பிரதியே கெட்டுவிடும். சிஸ்டம் செட்டிங்ஸில் 'ஜெனரல்', 'ஸ்டோரேஜ்' போனால் 'ஐஓஎஸ் ஃபைல்ஸ்' என்ற வரி இருக்கும். அங்கிருந்து முழுப் பிரதியையும் நீக்கலாம். ஆனால் ஃபோன்காரரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

அச்சுமை:
செயலிப் பட்டியல் கேட்டிருந்தாரே, எல்லோரும் மறந்துவிட்டீர்கள். நானும் மெய்ப்புப் பார்ப்பவன். தமிழ் தட்டச்சுக்கு எதையும் நிறுவ வேண்டாம். 'கீபோர்டு' அமைப்பில் தமிழைச் சேர்த்தால் அஞ்சல், தமிழ்99 என்ற விசைப்பலகை முறைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. ஒலிப்புமுறையில் பழகியவர் அஞ்சலோடு நின்றுவிடலாம். நாள் முழுக்கத் தட்டுபவர் தமிழ்99க்கு மாறுவது நல்லது. 'க' விசையை இருமுறை தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகிவிடும், விரலுக்கு எவ்வளவு மிச்சம் என்பது மாலையில் தெரியும். காசு கொடுக்காமல் நான் நிறுவிய ஒரே அத்தியாவசியம் மேக்கி. நகலெடுத்தவற்றையெல்லாம் வரிசையாக நினைவில் வைத்திருக்கும். மேக்ஓஎஸின் டஹோ பதிப்புக்கு மாறியவர்களுக்கு அந்த வசதி ஸ்பாட்லைட் தேடலிலேயே வந்துவிட்டது. சாளரங்களைப் பாதிப்பாதியாக ஒட்டிவைக்க ரெக்டாங்கிள் வைத்திருந்தேன். அதற்கு முந்தைய செக்கோயா பதிப்பில் மேக்கே அதைச் செய்யத் தொடங்கியதும் நீக்கிவிட்டேன். வீடியோவுக்கு விஎல்சி. அவ்வளவுதான். கோப்பை இடம் மாற்ற 'கட்' எங்கே என்று விண்டோஸ்காரர்கள் கேட்கும் கேள்விக்கு: கமாண்ட்-சி அடித்துவிட்டு, போய்ச் சேர வேண்டிய இடத்தில் ஆப்ஷன்-கமாண்ட்-வி.

பாவுநூல்:
அது என் மகளின் பழைய ஃபோன். போன வருடம் திரை உடைந்தபோது அவள் இதில் செருகியது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கேட்டேன். பாட்டியோடு எடுத்த படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன, அழித்தால் பேசமாட்டேன் என்கிறாள். வெளி ஹார்டு டிஸ்கில் ஏற்றிவைக்கலாம் என்று பார்த்தால், அதில் உள்ளதைப் படிக்க முடிகிறது, எழுத முடியவில்லை. பழைய விண்டோஸ் கணினியில் பயன்படுத்திய டிஸ்க்.

நடுச்சாமம்:
விண்டோஸின் என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மேட் ஆனது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. அதிலிருப்பதை விண்டோஸ் கணினியில் இறக்கிவிட்டு, மேக்கிலேயே இருக்கும் டிஸ்க் யூட்டிலிட்டியில் எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மேட் செய்யுங்கள். இரண்டிலும் ஓடும். டிஸ்கில் இருப்பது முழுவதும் அழிந்துவிடும், எனவே இறக்கியது சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு.

பாவுநூல்:
இறக்கியாயிற்று, ஃபார்மேட்டும் ஆயிற்று. 81 ஜிபி ஏறிக்கொண்டிருக்கிறது, இன்னும் 50 நிமிடம் என்கிறது. மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள்.